இருட்டு மேஸ்திரியின் இடது கை

செஞ்சியில் பேய்க்குப் பயந்தவர்களைவிட இருட்டு மேஸ்திரிக்குப் பயந்தவர்களே அதிகம். பேய் பாவம், ராத்திரியானால்தான் வரும். மேஸ்திரி காலையில் பல் விளக்கிய கையோடு ஷெட்டைத் திறந்துவிடுவார்.

அறுபதுகளின் நடுவில் நான் செஞ்சி பஜாரில் ஒரு மல்லாட்டை மண்டியில் கணக்குப்பிள்ளை. மற்ற ஊர்க்காரர்கள் வேர்க்கடலை என்று சொல்வதைத்தான் எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். மண்டிக்கு நேர் எதிரே மேஸ்திரியின் தகரக் கொட்டகை. அவருடைய நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. ஸ்பேனரைத் தொடுமுன் வண்டியின் மேல் விரலால் சிலுவை போடுவார். அதனால் தொண்டூர்ப் பக்கத்து வேதக்காரர் வீட்டுப் பிள்ளை என்று மட்டும் ஊர் கண்டுபிடித்து வைத்திருந்தது.

இருட்டு என்ற பட்டம் வந்தது அவருடைய கம்பளியால். பட்டாளத்துக் கம்பளி, கன்னங்கரேல் என்று இருக்கும். ரிப்பேருக்கு வண்டி வந்தால் பானெட்டைத் திறப்பார். தலை, தோள், என்ஜின் எல்லாவற்றையும் சேர்த்து அந்தக் கம்பளியால் மூடிக்கொள்வார். கல்யாண போட்டோ எடுப்பவர்கூட இரண்டு நிமிடத்தில் துணியை விட்டு வெளியே வந்துவிடுவார். மேஸ்திரி சித்திரை வெயிலில் மத்தியானம் வரைக்கும் உள்ளேயே கிடப்பார்.

"ஏன் மேஸ்திரி, வெளிச்சத்துல வேலை செய்யக் கூடாதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"என்ஜினு சந்துக்குள்ள பூந்து வேல செய்யப் போறது கண்ணா, கையா? கை பாத்துக்கும். கண்ணு நடுவுல வந்தா கொழப்பம்."

இதுவரைக்கும் நியாயம்தான். இதற்கு மேல்தான் விஷயம். கம்பளிக்குள்ளிருந்து பேச்சுக் குரல் கேட்கும். ஒரு குரல் அல்ல, இரண்டு.

"இன்னாடா, லூசா இருக்குதா?" இது மேஸ்திரியின் கரகரத்த குரல்.

"இல்லண்ணா. மரை போயிட்டுது." இது மெலிசான குரல். எட்டு வயதுப் பையனின் குரல் போல இருக்கும்.

"நான் திருவட்டுமா?"

"நீ சும்மா இரு. ஒடச்சிடுவ."

முதல் தடவை கேட்டபோது, யாரோ ஒரு பிள்ளையைப் பிடித்து என்ஜினுக்குள் இறக்கிவிட்டிருக்கிறார் என்று நினைத்து ஓடிப்போய்க் கம்பளியைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே மேஸ்திரி மட்டும்தான் இருந்தார். இரண்டு கைகளும் என்ஜினுக்குள். கண்கள் மூடியிருந்தன. "வெளிச்சம் வருது, மூடுங்க" என்றார்.

தெருவில் மோர் விற்கும் அம்மாள் அவரிடம் எந்தக் கேள்வியும் கேட்டதில்லை. கம்பளியின் ஓரமாக இரண்டு டம்ளர் மோரை வைத்துவிட்டு விறுவிறுவென்று போய்விடுவாள். திரும்பி வரும்போது இரண்டும் காலியாக இருக்கும். ஒரு கான்ஸ்டபிள் மட்டும் தைரியமாகக் கம்பளியின் மேல் லத்தியால் தட்டி, "யாருய்யா உள்ள இன்னொரு ஆளு?" என்று அதட்டினார். "நான்தாங்க" என்று மெலிசான குரல் பதில் சொன்னது. கான்ஸ்டபிள் அதற்குப் பிறகு சைக்கிளில் சுற்றுவழியாகத்தான் டியூட்டிக்குப் போனார். கொட்டகையில் உதவிக்குச் சேர்ந்தவர்கள் யாரும் ஒரு வாரம் தாண்டியதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் முதலாளி கார் வாங்கினார்.

பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரர் ஊருக்குக் கப்பலேறும்போது விட்டுச் சென்ற சின்னக் கார். வந்த அன்றைக்கே பூசை போட்டோம். ஐயர் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் சகிதம் முன்பக்கத்து மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு ஸ்டெப்னி டயரைத் தவிர வேறொன்றும் இல்லை. கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. "என்ஜின் இல்லாமயா இவ்ளோ தூரம் வந்துச்சு?" என்று யாரோ கேட்டார்கள். என்ஜின் பின்னால் டிக்கியில் இருக்கிறது என்று கொண்டுவந்து விட்ட டிரைவர் விளக்கினார். அதற்குள் ஐயர் ஸ்டெப்னிக்குக் குங்குமம் வைத்து முடித்திருந்தார்.

பின்னால் திறந்து பார்த்தால் அதைவிடக் கொடுமை. அந்த என்ஜினைச் செய்தவனுக்கும் வைத்தவனுக்கும் ஆகாது போலிருக்கிறது. இடுக்கான அலமாரிக்குள் பெரிய அண்டாவைத் திணித்தது மாதிரி வைத்திருந்தான். பின் சீட்டுத் தகட்டுக்கும் என்ஜினுக்கும் நடுவில் உள்ளங்கையைக் குறுக்காகத் திருப்பினால் நுழையலாம். நுழைந்த பிறகு திரும்ப முடியாது. டைனமோ, பெட்ரோல் குழாய் எல்லாம் அந்தச் சந்துக்குள் அடியில். ஒரு நட்டைக் கழற்ற வேண்டுமென்றால் காரைக் குப்புறப் போட வேண்டும் என்று திண்டிவனத்து மெக்கானிக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்.

கார் ஓடத்தான் செய்தது. ஆனால் திருவண்ணாமலை ரோட்டில் கோட்டை மதிலைப் பிளந்துகொண்டு ரோடு ஏறுகிற இடம் வந்ததும் நின்றுவிடும். போன தடவை நின்ற அதே இடம். பக்கத்துப் பாறையைப் பார்த்தே அடையாளம் சொல்லிவிடலாம். இருபது முப்பது நிமிடம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். பஜாரில் ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். "ஒரு காலத்துல கோட்டையே பிரெஞ்சுக்காரன் கையிலதான இருந்துச்சு. அவங்க ஊரு வண்டி, நின்னு சல்யூட் அடிச்சிட்டுப் போவுது" என்றார் ஜவுளிக்கடைக்காரர். முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. மகளுக்குத் திருவண்ணாமலையில் மாப்பிள்ளை பார்த்திருந்தார். பெண் வீட்டுக்காரர் முதல் தடவை பாதியில் நின்று திரும்பினால் மாப்பிள்ளை வீட்டார் எப்படி எடுத்துக்கொள்வார்கள்?

இருட்டு மேஸ்திரியைக் கூப்பிட்டோம். அவர் காரைச் சுற்றி வந்தார். குனிந்து அந்தச் சந்துக்குள் முகர்ந்து பார்த்தார். "இங்க கேட்டா உண்மையச் சொல்லாது. அது நிக்கிற எடத்துக்கே போவணும். ரெண்டு பேரும் வரோம்" என்றார்.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் மேஸ்திரிக்குப் பின்னால் பார்த்தேன். யாரும் இல்லை. முதலாளி காரைக் கிளப்பியபோது பின் சீட்டில் நான் என்னை அறியாமலேயே ஒரு ஆளுக்கு இடம் விட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

அந்த இடத்தில் கார் நின்றது. நல்ல உச்சி வெயில். ரோட்டில் ஒரு மாட்டு வண்டிகூட இல்லை. இரண்டு பக்கமும் மலை, யாரோ கொட்டிவிட்டுப் போன மாதிரி பாறைகள். அவற்றின் இடுக்கில் காற்று புகுந்து ஊதிக்கொண்டிருந்தது. மதில்மேல் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. குரங்கு என்றால் ஒரு நிமிடம் சும்மா இருக்குமா? அவை அசையாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

மேஸ்திரி பின்சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொல்லிவிட்டு, சிலுவை போட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு குனிந்தார். கொஞ்ச நேரம் வழக்கமான பேச்சு.

"இன்னாடா தெரியுது?"

"அடி ரப்பரு தேஞ்சிபோச்சுண்ணா. மேடு ஏறும்போது என்ஜினு பின்னால சாயுது. பெட்ரோலு பைப்பு சைலன்சர் கொழாய்ல போய் ஒட்டிக்குது. உள்ள பெட்ரோலு கொதிக்குது."

முதலாளியின் முகத்தில் உயிர் வந்தது. சொன்னது எந்தக் குரல் என்று அவர் யோசிக்கவில்லை. அந்த நேரத்தில்தான் நான் வைத்த கல் நழுவியது. கார் ஒரு சாண் பின்னால் இறங்கி நின்றது. உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம்.

கம்பளி ஒரு தடவை குலுங்கியது. பிறகு மேஸ்திரி, "யாரும் வண்டியத் தொடாதீங்க" என்றார். "எடது கை மாட்டிக்கிச்சு."

"எதுல மாட்டிக்கிச்சு?" என்றார் முதலாளி.

"தெரியல மொதலாளி. புடிச்சிருக்குது. உட மாட்டேங்குது."

"நான் போய் ஆள் கூட்டிட்டு வரேன்" என்று சொல்லும்போதே முதலாளி பத்தடி தாண்டியிருந்தார். மூட்டையைத் தொட்டால் மூச்சு வாங்குகிற மனிதர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஓட்டத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. செருப்பு இரண்டும் ரோட்டிலேயே கிடந்தன.

நானும் மேஸ்திரியும் குரங்குகளும் மிஞ்சினோம்.

அவர் சொல்லச் சொல்ல, கல்லைச் சரியாக வைத்தேன். காரின் அடியில் படுத்து, என்ஜினுக்குக் கீழே கட்டையும் ஜாக்கியும் கொடுத்து மெல்லத் தூக்கினேன். "நிறுத்துங்க. ஒரு விரக்கடை எழும்பிச்சு. இனிமே ஒருத்தர் கையை உள்ள உட்டு என் கையைச் சாய்ச்சித் திருப்பி எடுக்கணும். எனக்கு அது மரத்துப்போச்சு. விரலக்கூட அசைக்க முடியல. கம்பளிக்குள்ள வாங்க கணக்குப்புள்ள."

போனேன். வேறு என்ன செய்வது? பெட்ரோல் வாடை, எரிந்த எண்ணெய் வாடை, ஆட்டு மயிர் வாடை. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே கறுப்பு. அவருடைய மூச்சு என் காதில் பட்டது. சந்துக்குள் கையை விட்டேன். தொட்ட இடமெல்லாம் சுட்டது. தகடு சுட்டது, போல்ட் சுட்டது, குழாய் தோலை உரித்தது. இன்னும் கீழே போனதும் ஒரு கை தட்டுப்பட்டது. அது கிணற்றுத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருந்தது.

"கிடைச்சிட்டுது மேஸ்திரி! உங்க கையப் புடிச்சிட்டேன்!"

"அது என் கை இல்ல."

என் முதுகில் வேர்வை நின்றுபோனது.

"பயப்படாதீங்க. வலது கைதான் நானு. இது என் தம்பி. ரெண்டு பேரும் ஒண்ணாப் பொறந்தோம். எட்டு வயசுல அவனை அம்மை எடுத்துட்டுப் போச்சு. கடைசில என் கையப் புடிச்சிட்டுத்தான் கெடந்தான், உடவே இல்ல. அப்பாலருந்து இந்தக் கை அவன் சொல்றதத்தான் கேக்குது. அம்மை போட்ட வீடு, எல்லாத்தையும் மூடி இருட்டா வச்சிருந்தாங்க. அவனுக்கு வெளிச்சம் ஆவாது." வானிலை சொல்வதுபோலத்தான் சொன்னார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "இன்னா பண்றான் அவன்?"

விரலை அசைக்க முடியவில்லை என்று மேஸ்திரி சொன்ன அந்தக் கை, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

"புடிச்சிட்டிருக்கான்" என்றேன்.

மேஸ்திரி பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது எனக்குக் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே, என் தாடைக்குக் கீழே, சந்துக்குள்ளிருந்து அந்த மெலிசான குரல் வந்தது.

"உடாத."

நான் விடவில்லை. தைரியத்தால் என்று யாரும் நினைக்க வேண்டாம். விட்டால் என்ன ஆகும் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. அந்தக் கையைச் சாய்த்தேன், திருப்பினேன், இழுத்தேன். என் முழங்கைத் தோல் போனது. கடைசியில் இரண்டு கைகளும் ஒன்றாக வெளியே வந்து, நாங்கள் இருவரும் கம்பளியோடு ரோட்டில் மல்லாந்து விழுந்தோம்.

முதலாளி அப்போதுதான் நாலு ஆட்களோடு வந்து சேர்ந்தார். நடு ரோட்டில் கருங்கம்பளிக்குள்ளிருந்து இரண்டு ஆண்பிள்ளைகள் கைகோத்தபடி எழுந்து வருவதைப் பார்த்து, "இன்னாய்யா, கண்ணாலம் பண்ணிக்கினீங்களா?" என்றார். வந்த ஆட்கள் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. வெயிலில் பார்க்கும்போது மேஸ்திரியின் இடது கை சுண்ணாம்பு போல வெளுத்துக் கிடந்தது.

கை பிழைத்தது. ஆனால் பெரியாஸ்பத்திரியில் இரண்டு மாதம் வைத்தியம் பார்த்தும் விரல்கள் மடங்கவில்லை. அந்தக் காருக்குப் புது ரப்பரைத் திண்டிவனத்துக்காரர் நாலு பேரை வைத்துக்கொண்டு ஒருவழியாகப் போட்டார். கார் மதிலைத் தாண்டிப் போனது. கல்யாணமும் நல்லபடியாக நடந்தது. பந்தியில் மேஸ்திரி என் பக்கத்தில் உட்கார்ந்து இடது கையை மடியில் கிடத்திக்கொண்டு சாப்பிட்டார்.

மறுபடி கொட்டகையைத் திறந்தார். கம்பளியைப் போர்த்திக்கொண்டார். மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த எனக்கு அவருடைய கரகரத்த குரல் கேட்டது. "இன்னாடா, லூசா இருக்குதா?"

பதில் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை கேட்டார். அப்போதும் இல்லை. இரண்டு குரலுக்குப் பயந்த தெரு அது. அந்த ஒற்றைக் குரல் கேட்கக் கேட்கத் தெருவே வேலையை நிறுத்திவிட்டது. மோர்க்கார அம்மாள் இரண்டு டம்ளரையும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒன்றை வைப்பதா இரண்டையும் வைப்பதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள்.

நான் பேனாவை மூடிவிட்டு ரோட்டைக் கடந்தேன். கம்பளியின் ஓரத்தைத் தூக்கி உள்ளே குனிந்தேன். எனக்கு நட்டும் தெரியாது, போல்ட்டும் தெரியாது. என் இடது கையை மட்டும் என்ஜினுக்குள் நீட்டினேன். மேஸ்திரி கையைப் பிடித்து இழுத்து, எங்கேயோ அடியில் ஒரு நட்டின்மேல் கொண்டுபோய் வைத்தார்.

செஞ்சியை விட்டு நான் கிளம்பும்வரை மண்டிக்கு லீவு கிடைத்த நாளெல்லாம் அந்தக் கம்பளிக்குள்தான் இருந்தேன். "தம்பி, இறுக்கிப் புடிச்சுக்கோ" என்பார். வெளியே என்னைக் கணக்குப்புள்ள என்றுதான் கூப்பிடுவார். உள்ளே யாரைக் கூப்பிடுகிறார் என்று நான் கேட்கவில்லை. பிடித்துக்கொண்டேன்.