முழங்கால் மட்டும் ஒத்துழைத்திருந்தால்

முழங்கால் உள்ளவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். உட்காரவும் எழவும் படி ஏறவும் அதைப் பயன்படுத்துகிறவர்கள் ஒரு வகை. பேசுவதற்கு மட்டும் பயன்படுத்துகிறவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகையைத்தான் இன்று உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போகிறேன். பயப்படாதீர்கள், சாதுவான பிராணி. ‘பந்து’ என்ற சொல்லை மட்டும் அவர் காதுபட உச்சரித்துவிடாதீர்கள். உச்சரித்தால் அடுத்த முக்கால் மணி நேரம் உங்களுடையது அல்ல.

அடையாளம் காண்பது சுலபம். எந்த ஆட்டத்தைப் பற்றிய பேச்சாக இருந்தாலும் இவருடைய வலது கை தானாகக் கீழே இறங்கும். முழங்காலை ஒரு தடவு தடவும். பெருமூச்சு ஒன்று வரும். பிறகு, “அன்னைக்கு மட்டும் இந்தக் கால் ஒத்துழைச்சிருந்தா...” என்று அந்தரத்தில் நிறுத்துவார். “நாட்டுக்கே ஆடியிருப்பீங்க சார்” என்று மிச்சத்தை நாம்தான் முடித்துவைக்க வேண்டும். முடிக்காவிட்டால் அவரே முடிப்பார். அது இன்னும் நீளம்.

நம்மவரையே எடுத்துக்கொள்ளுங்கள். வயது நாற்பத்து நான்கு. ஓர் அச்சகத்தில் பிழைதிருத்துநர். மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கிற மூலையில், ஒரு மேசையும் விளக்கும் அவருக்கு உண்டு. மை வாசனையோடு வருகிற தாள்களை மூக்கோடு ஒட்டிவைத்துப் படிப்பார். பன்னிரண்டாம் பக்கத்தில் மாமாவாக இருந்தவர் எண்பதாம் பக்கத்தில் சித்தப்பா ஆகியிருந்தால், சிவப்புப் பேனாவால் சுழித்து, எழுதியவருக்கே போன் போட்டு, “உங்க கதையில ஒருத்தர் முறை மாறிட்டாரே, கவனிச்சீங்களா?” என்று மானத்தை வாங்கிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர் தன் முழங்கால் கதையை மட்டும் ஒரு தடவைகூடப் பிழைதிருத்தியதில்லை.

கதை இதுதான். பத்தொன்பது வயதில் நாட்டின் இளைஞர் கால்பந்து அணிக்கு ஆள் எடுத்தார்கள். தேர்வுக்கு முதல் நாள் இவருக்கு முழங்காலில் அடி. அச்சகத்தில் சேர்ந்த வருஷம் அது ஈரத் தரையில் வழுக்கி விழுந்த அடியாக இருந்தது. மூன்றாம் வருஷம் எதிரணி ஆள் ஒருவர் ஓடிவந்து மோதினார். ஏழாம் வருஷம் அந்த ஒருவர் மூவரானார். இப்போது பன்னிரண்டாம் வருஷம். அந்த மூவரையும் ஏவிவிட்டது யார் என்று தனக்குத் தெரியும் என்றும், ஆள் இன்று பெரிய பதவியில் இருப்பதால் பேரைச் சொல்ல விரும்பவில்லை என்றும், தேநீர் இடைவேளையில் குரலைத் தாழ்த்திச் சொல்லிவருகிறார்.

கால்கூட ஒரு நிலையில் நின்றதில்லை. முழங்காலில் மாட்டுகிற கறுப்பு உறை திங்கட்கிழமை வலது காலில் இருக்கும், வியாழக்கிழமை இடது காலில் இருக்கும். அச்சு இயந்திரம் ஓட்டுகிற மெஷின்காரர், கதவை அடைத்தாற்போல் உடம்புள்ள மனிதர், ஒருநாள் கேட்டேவிட்டார்.

“சார், போன வாரம் வலது கால்னு சொன்னீங்களே?”

“வலி இடம் மாறும்யா. அதுக்குப் பேருதான் விளையாட்டுக் காயம். ஆடுனவனுக்குத்தான் அது தெரியும்.”

மெஷின்காரர் தன் இயந்திரத்துக்குத் திரும்பினார். அவரிடம்தான் நம்மவர் தன்னுடைய பிரசித்தி பெற்ற உதையைப் பற்றியும் அடிக்கடி விளக்குவார். கோலின் இடது மேல் மூலை. பந்து போகிற பாதையே கண்ணுக்குத் தெரியாது. கோல்கீப்பர் திரும்பிப் பார்க்கும்போது வலை ஆடிக்கொண்டிருக்கும். கசக்கிய தாளை உருட்டி அலமாரியின் இடது மேல் மூலையை நோக்கி எறிந்தும் காட்டுவார். அது பெரும்பாலும் மேலாளரின் தேநீரில் போய் விழும்.

வீட்டுக்கு வாருங்கள். அங்கே நிலைமை கொஞ்சம் சிக்கல், ஏனென்றால் மனைவி நர்ஸ். காலையிலிருந்து மாலைவரை ஊரார் முழங்கால்களுக்குக் கட்டுப் போடுகிறவளிடம் ஒரு முழங்காலை வைத்துக்கொண்டு எத்தனை நாள் பிழைக்க முடியும்? கல்யாணமான புதிதிலேயே அவள் கையோடு கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்துவிட்டாள். படத்தைப் பார்த்த டாக்டர், “யாரோட முழங்கால் இது? பாடப் புத்தகத்துல போடலாம்” என்றார்.

“படத்துல தெரியாத அடி அது” என்றார் நம்மவர். மனைவி அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொள்ள மட்டும் பழகிக்கொண்டாள்.

தொலைக்காட்சியில் ஆட்டம் என்றால் வீட்டில் மற்ற வேலை நடக்காது. அடிபட்ட காலை (அன்றைக்கு எதுவோ அது) ஒரு முக்காலிமேல் நீட்டி, வெந்நீர்ப் பையை வைத்து, கையில் ரிமோட்டோடு தளபதி மாதிரி உட்காருவார். விசில் ஊதியதும் ஆணைகள் பறக்கும். “அவனுக்குக் குடுடா! அங்க ஒருத்தன் சும்மா நிக்கிறான் பாரு! ஐயோ, இவனையெல்லாம் யாரு எடுத்தது?” பந்து கோலை நெருங்கும்போது நீட்டிய கால் தானாக உதைக்கும், முக்காலி ஒரு பக்கம், வெந்நீர்ப் பை ஒரு பக்கம். ஜெயித்தால், “நான் சொன்னபடி ஆடுனான்.” தோற்றால், “சொன்னாக் கேட்டாத்தானே.”

“அவங்களுக்கு எங்க கேக்குது? மாடி வீட்டுக்குத்தான் கேக்குது” என்பாள் மனைவி.

இவ்வளவையும் வாயைப் பிளந்து நம்புகிற ஒரே ஜீவன் அந்த வீட்டில் இருந்தது. ஒன்பது வயது மகள். பள்ளிக்கூடத்தில் ‘என் அப்பா’ என்று கட்டுரை எழுதச் சொன்னபோது அவள் எழுதினாள்: ‘என் அப்பா நாட்டுக்காக ஆடியிருப்பார். முழங்காலுக்காக விட்டுக்கொடுத்தார். அவரைப் போலப் பந்தை உதைக்க உலகத்தில் யாரும் இல்லை.’ பள்ளிக்குக் கொடுக்குமுன் நம்மவரிடம் காட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். ஓரிடத்தில் விடுபட்ட ஒற்றெழுத்தைப் போட்டார், ஒரு காற்புள்ளியை நகர்த்தினார். விஷயத்தில் கைவைக்கவில்லை. ஆனால் நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் முகத்தைப் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொய்யை ஊரே நம்பலாம், அது பொழுதுபோக்கு. பெற்ற பிள்ளை நம்பினால் வேறு மாதிரி இருக்கிறது.

அச்சகத்தில் வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மெஷின் பிரிவுக்கும் பைண்டிங் பிரிவுக்கும் கால்பந்துப் போட்டி நடக்கும். பரிசு ஒரு வெண்கலக் கோப்பை. மற்ற நாட்களில் மேலாளர் அதில் குண்டூசி போட்டுவைப்பார். நம்மவர் ஆண்டுதோறும் பைண்டிங் அணியின் ஆலோசகர். நாற்காலி போட்டு, உறை மாட்டிய காலை நீட்டி, ஆலோசனை வழங்குவார். அவர் ஆலோசகரான நாளாக அந்த அணி ஜெயித்ததில்லை. இந்த வருஷம், “நானும் வரேம்ப்பா, எல்லாரும் உங்களைப் பத்திப் பேசுறதைக் கேக்கணும்” என்று மகளும் தொற்றிக்கொண்டாள். மனைவிக்கும் அன்று விடுமுறை. மூவருமாகப் போனார்கள்.

போன இடத்தில் பைண்டிங் மேஸ்திரி பிடித்துக்கொண்டார். “சார், நம்ம தாள் வெட்டுறவர் வரல. நேத்து டிவியில மேட்ச் பாத்துக்கிட்டே கோல்னு குதிச்சிருக்கார், சோபாவுக்கு அந்தப் பக்கம் விழுந்து கால் பிசகிடுச்சு. ஏழு பேர் ஆட்டத்துக்கு ஆறு பேர்தான் இருக்கோம். நீங்க எறங்கணும்.”

“நானா? என் முழங்கால்...”

“சும்மா நின்னாப் போதும் சார். உங்களைப் பாத்தாலே பயப்படுவாங்க.”

மகள் கைதட்டினாள். அப்புறம் என்ன செய்வது? நம்மவர் இறங்கினார்.

ஆட்டத்தில் அவர் செய்ததை விவரிக்க ஒரு வாக்கியம் போதும்: நின்றார். பந்து இடப்பக்கம் வந்தால் வலப்பக்கம் நொண்டினார், வலப்பக்கம் வந்தால் இடப்பக்கம் நொண்டினார். கைகளை மட்டும் தொலைக்காட்சி முன் ஆட்டுவதுபோலவே ஆட்டினார். கோட்டுக்கு வெளியிலிருந்து மகள், “அப்பா! அடி வலது கால்ல! நீங்க இடது கால்ல நொண்டுறீங்க!” என்று அக்கறையாகக் கத்தினாள். மைதானம் முழுக்கச் சிரித்தது. நம்மவர் காலை மாற்றிக்கொண்டார்.

இரண்டுக்கு இரண்டு. முடிய ஒரு நிமிஷம். அப்போது மேஸ்திரி அடித்த பந்து மெஷின் பிரிவில் மை கலக்குகிறவரின் முகத்தை நோக்கி வந்தது. அவர் தன் மூக்குக் கண்ணாடியைக் காப்பாற்றப் பந்தை இரண்டு கைகளாலும் ஆசையாகப் பிடித்து மார்போடு அணைத்துக்கொண்டார். மேலாளர் விசில் ஊதினார். பெனால்டி.

மேஸ்திரி பந்தை எடுத்து வைத்தார். அப்போதுதான் அந்தக் குரல் வந்தது.

“எங்க அப்பா அடிக்கட்டும்!”

மேஸ்திரி திரும்பிப் பார்த்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பன்னிரண்டு வருஷம் தேநீரோடு குடித்த கதை ஆயிற்றே, பார்க்காமல் விடுவார்களா? “ஆமா சார், நீங்கதான் அடிக்கணும்” என்று எதிரணிக்காரர்களே ஒதுங்கி வழிவிட்டார்கள்.

நம்மவர் மெள்ள நடந்தார். பந்துக்கு முன்னால் போய் நின்றார். குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்டினார். மறுபடி அவிழ்த்தார். மறுபடி கட்டினார்.

இங்கே ஒரு ரகசியம். தேர்வுக்கு அவர் போனது நிஜம். பத்தொன்பது வயதில், முதுகில் நாற்பத்து மூன்று என்ற எண்ணோடு வரிசையில் நின்றார். முன்னால் நின்ற நாற்பத்திரண்டாம் எண்காரன் பந்தைத் தலையிலும் தோளிலும் காலிலும் மாற்றி மாற்றித் தட்டி நிற்கவைத்ததைப் பார்த்தார். உடனே குனிந்து கயிற்றைக் கட்ட ஆரம்பித்தார். நாற்பத்து மூன்று, நாற்பத்து மூன்று என்று மூன்று தடவை கூப்பிட்டார்கள். கட்டிக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து வீட்டுக்கு வந்து, “முழங்கால்ல அடிபட்டுடுச்சும்மா” என்றார். அடி அங்கே படவில்லை. பட்ட இடத்துக்கு உறை விற்பதில்லை.

“சார், அடிங்க!” மேலாளர் இரண்டாம் தடவை விசில் ஊதினார்.

நம்மவர் ஓரக்கண்ணால் பார்த்தார். மகள் இரண்டு கைகளையும் கோத்துத் தாடைக்கடியில் வைத்துக்கொண்டு நின்றாள். அவர் கயிற்றை விட்டார். எழுந்தார். மூன்றாம் தடவை ஊதுவதற்குமுன் கண்ணை மூடிக்கொண்டு ஓடி உதைத்தார்.

சும்மா சொல்லக்கூடாது, உதை என்றால் அது உதை. பாதி பந்தில் பட்டது, பாதி தரையில் பட்டது. ஒரு பிடி மண் மேலே பறந்தது. பந்து, கடைக்குப் போகச் சொன்ன பிள்ளை மாதிரி, நடுவாக மெள்ள உருண்டு போயிற்று. ஆனால் கோலில் நின்றது யார்? மெஷின்காரர். பன்னிரண்டு வருஷம் பாடம் கேட்டவர். இடது மேல் மூலை, பாதையே தெரியாது! நம்மவர் காலைத் தூக்கிய உடனேயே அவர் தன் முழு உடம்போடு அந்த மூலைக்குப் பாய்ந்து, கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தொங்கினார். பந்து அவசரமில்லாமல் காலியாகக் கிடந்த நடுவழியே வந்து கோட்டைத் தாண்டி நின்றது.

கோல்.

அப்புறம் நடந்ததற்கு நம்மவர் பொறுப்பல்ல. இருபத்தைந்து வருஷமாகத் தொலைக்காட்சி பார்த்த உடம்பு பொறுப்பு. கையை விரித்துக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்று ஓடினார். இரண்டு தடவை எம்பிக் குதித்தார். கடைசியில், பெரிய ஆட்டக்காரர்கள் செய்வார்களே, அதேபோலப் புல்லில் இரண்டு முழங்கால்களாலும் சர்ரென்று சறுக்கிக்கொண்டே வந்து மகளின் காலடியில் நின்றார். உறை கழன்று எங்கோ போய் விழுந்தது.

எல்லோரும் உறை இல்லாத அந்த முழங்காலையே பார்த்தார்கள்.

“அப்பா!” மகள் கத்தினாள். அவள் கண்ணில் நீர். “முழங்கால் சரியாயிடுச்சுப்பா! இனிமே நீங்க நாட்டுக்கே ஆடலாம்!”

கையும் களவுமாகப் பிடிபடுவது என்றால் இதுதான். திட்டியிருந்தால் சமாளித்திருப்பார். சந்தோஷப்படுகிறவளை எப்படிச் சமாளிப்பது? நம்மவர் மண்டியிட்டபடியே மனைவியைப் பார்த்தார். ஒரு சொல் போதும், அவருடைய கதை அங்கேயே முடிந்துவிடும். அவள் குனிந்து, நர்ஸ் பிடிக்கிற பிடியாக, முழங்காலை அழுத்திப் பார்த்தாள்.

“ஆமாடி” என்றாள். “இன்னைக்குத்தான் சரியாயிருக்கு.”

“அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு” என்றார் மேஸ்திரி. “ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் காலையில ஆறு மணிக்கு பிராக்டிஸ் சார். வந்துடுங்க.”

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் மகளே ஐந்தரைக்கு எழுப்பிவிடுகிறாள். நம்மவர் போகிறார், ஓடுகிறார், மூச்சு வாங்குகிறார், காற்றை உதைக்கிறார். இதுவரை இன்னொரு கோல் போடவில்லை. ஆனாலும் மண் படிந்த முழங்காலோடு வீடு திரும்பும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருப்பதாக மாடி வீட்டில் சொல்கிறார்கள். அதோடு திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? போன திங்கட்கிழமை தேநீர் இடைவேளையில் மெஷின்காரர், “ஏன் சார், அந்தப் பழைய உதை இப்ப வர மாட்டேங்குது?” என்று கேட்டார். நம்மவரின் வலது கை கீழே இறங்கியது. முழங்காலுக்குப் போக வழியில்லாமல் இடுப்பில் நின்றது.

“அன்னைக்கு சறுக்குனேன் பாரு, அப்ப புடிச்சதுய்யா. இந்த இடுப்பு மட்டும் ஒத்துழைச்சா...”

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். நீங்களும் அந்தக் காலத்தில் எதையோ நன்றாக ஆடியவர்தான், யார் இல்லையென்றது? ஆனால் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் இடது கை எதற்காகத் தோள்பட்டையைத் தடவிக்கொடுக்கிறது?