மனுவின் முதல் கையெழுத்து

கைலாசத்துக்கு அவருடைய சொந்த வீட்டில் இழைக்கப்பட்ட கொடுமைகள், நடந்த வரிசைப்படி பின்வருமாறு.

முதலாவது, மாசி மாதம் சீனி டப்பா பரணுக்கு ஏறியது. இரண்டாவது, நாற்பது ஆண்டு பீடித் தொழிலாளர் சங்கத்தை நடத்தியவரின் சட்டைப் பையிலிருந்தே பீடிக்கட்டு பறிமுதல் செய்யப்பட்டது. மூன்றாவது, ராத்திரிப் பரோட்டா ஒழிந்து கேப்பைக் களி வந்தது. நான்காவது, பத்து மணிக்கு விளக்கணைப்பு. அதற்குமேல் செல்போனில் செய்தி பார்க்கத் தடை. ஐந்தாவது, விடியற்காலை ஐந்தரைக்கு மேலகரத்திலிருந்து குற்றாலம் வரை நடை. அருவியைப் பார்க்கலாம். எதிரே சட்டியில் பொரிகிற மிளகாய் பஜ்ஜியையும் பார்க்கலாம். பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

இதையெல்லாம் அவர் வாய் மூடிச் சகித்தார் என்று யாரும் எழுதிவிடக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கண்டன அறிக்கை எழுதினார். அந்தத் தாள்களை விரித்துப்போட்டு அவர் மனைவி ஆவுடைத்தாய் முருங்கைக்கீரை உருவினாள்.

போன கார்த்திகையில் சளிக்காய்ச்சல் நெஞ்சில் இறங்கிப் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததுதான் அத்தனைக்கும் மூலம். நல்ல தூக்கம், நடை, காய்கறி, புகையில்லாத நெஞ்சு, இத்தனையும் சேர்ந்தால்தான் உடம்பில் எதிர்ப்புச் சக்தி நிற்கும் என்று டாக்டர் சொன்னார். தனக்கா எதிர்ப்புச் சக்தி இல்லை என்று கைலாசம் இன்றுவரை அவரை மன்னிக்கவில்லை. ஆவுடைத்தாயோ டாக்டர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சட்டமாக்கிவிட்டாள்.

ஆறாவது கொடுமை ஆனி மாதம், சாரல் விழுகிற ஒரு வியாழக்கிழமை வந்தது. நெல்லிக்காய்ச் சாற்றை நீட்டியபடி அவள் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழம சளிக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி போடுதாவளாம். அறுவது தாண்டின எல்லாருக்கும். நாமளும் போயிருவோம்."

கைலாசம் தம்ளரைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

அவர் தடியடியில் தோள்பட்டை எலும்பு முறிந்தவர். பாளையங்கோட்டை ஜெயிலில் ஒன்பது நாள் இருந்தவர். ஆனால் ஊசி என்றால் அவருக்குப் பயம். ஜெயிலில் மருத்துவ முகாம் நடந்த அன்று கொள்கை அடிப்படையில் புறக்கணிக்கிறேன் என்று சொல்லிக் கக்கூஸில் போய் உட்கார்ந்தார். அது தோழர்களுக்குத் தெரியாது. ஆவுடைத்தாய்க்கும் தெரியாது என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

அன்று முழுக்க அவருக்கு இடது கை வலித்தது. இன்னும் குத்தாத ஊசிக்கு.

வெள்ளிக்கிழமை நடந்துகொண்டிருக்கும்போது வழி பிறந்தது. நாற்பது ஆண்டில் அவர் கொடுத்த மனு ஒன்றுகூட நிறைவேறியதில்லை. தெருவிளக்குக்குக் கொடுத்த மனு நரைத்துப்போயிற்று. இந்த நாட்டில் ஒரு காரியம் நடக்கவே கூடாது என்றால், அதைச் செய்யச் சொல்லி மனு கொடுத்தால் போதும்.

வீட்டுக்கு வந்து எழுதினார். ஒன்று, முகாம் சுகாதார நிலையத்தில் நடக்கக் கூடாது, எங்கள் தெருவிலேயே நடக்க வேண்டும். இரண்டு, பந்தலும் நாற்காலியும் வேண்டும். மூன்று, ஊசி போட்டவர்களுக்குச் சூடாகச் சுக்குக் காப்பி. மறுத்தால் தெருவே புறக்கணிக்கும். சங்க வழக்கப்படி, எழுதியவரே முதல் கையெழுத்துப் போட்டார். கையெழுத்திட்டவர் பின்வாங்கக் கூடாது என்பதும் சங்க வழக்கம். அப்படிப் பின்வாங்கிய இரண்டு பேரை அவரே மேடையில் பெயர் வாசித்து நீக்கியிருக்கிறார்.

தெருவில் கையெழுத்து வாங்கி, மனுவைச் சுகாதார நிலையத்தில் கொடுத்துவிட்டும் வருகிறேன் என்று ஆவுடைத்தாய் முன்வந்தாள். கைலாசத்துக்கு நெஞ்சு நிறைந்தது. முப்பத்தாறு ஆண்டில் முதல் ஒத்துழைப்பு.

"அவிய ஒத்துக்கிட்டா?" என்றாள்.

"ஒத்துக்கிட மாட்டானுவ."

"ஒருவேள ஒத்துக்கிட்டா?"

"ஒத்துக்கிட்டா மொத ஊசி எனக்குன்னு எழுதுட்டி," என்றார் கைலாசம், மேடையில் பேசுகிற குரலில்.

அவள் பேனாவை வாங்கி, நான்காவது கோரிக்கையாக அதை எழுதினாள். எழுத்து கொஞ்சம் பெரிதாகவே இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டு வாசலில் ஒரு வண்டி நின்றது. பந்தல் கால்களை இறக்கினார்கள். பிறகு நாற்காலிகள். எதிர்வீட்டு டீக்கடை துல்கர்னைன் சுக்குத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, மனு ஜெயிச்சிட்டு," என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். இடது கையை.

ஞாயிறு காலை தனக்குக் காய்ச்சல் அடிக்கிறது என்று கைலாசம் அறிவித்தார். ஆவுடைத்தாய் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, நடைக்குப் போகலாம் என்றாள். அருவிக்கரையோடு நின்றுவிடலாமா என்று அவர் யோசித்தபோது, குடையோடு அவள் கூடவே நின்றாள்.

எட்டு மணிக்குக் கிராமச் செவிலியர் மிஸ்ரியா கடையநல்லூரிலிருந்து ஊசிப்பெட்டியோடு வந்து இறங்கினாள். கைலாசம் அவளை ஓரமாக அழைத்து, ஒரே நாளில் எப்படி ஒத்துக்கொண்டீர்கள் என்று தணிந்த குரலில் விசாரித்தார்.

"சுகாதார நிலையத்துல வெள்ளையடிக்காவ, அண்ணாச்சி. எடம் இல்லாம அலைஞ்சோம். ஆவுடைத்தாய் அக்காதான் திங்கக்கிழமையே, எங்க வாசல்ல வச்சுக்கிடுங்கன்னுட்டாவ. உங்க மனு வந்ததும் வேலை இன்னும் லேசாப் போச்சு. தெருவே கையெழுத்துப் போட்டிருக்கே."

அவர் வியாழக்கிழமை பயந்தார். வெள்ளிக்கிழமை எழுதினார். அவள் திங்கட்கிழமையே முடித்துவிட்டாள்.

ஆவுடைத்தாய் அருகில் வந்து, அவருடைய சட்டையின் இடது கையை மெதுவாக மடித்துவிட்டாள். யாருக்கும் கேட்காமல் பேசினாள்.

"ஆஸ்பத்திரில காய்ச்ச மயக்கத்துலயும், ஊசி குத்தும்போதெல்லாம் என் கையப் பிடிச்சீயள்லா, அந்த நகத்தடம் இன்னும் கெடக்கு. பதினோரு நாளு அங்கன உக்காந்து நான் பயந்தது போதும். இன்னைக்கு ஒரு நிமிசம் நீங்க பயந்துக்கிடுங்க."

கைலாசம் மடித்த சட்டைக்கையை இறக்கிவிடப் போனார். அதற்குள் நாற்பத்து மூன்று நாற்காலிகளும் நிறைந்துவிட்டன. அத்தனை பேரும் கையெழுத்திட்டவர்கள். அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள்.

மிஸ்ரியா மனுவை விரித்தாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, தெருக்கோடிக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

"நாலாவது கோரிக்கைப்படி மொத ஊசி, தோழர் கைலாசம்."