பெருங்குடலில் ஒரு மளிகைக்கடைக்காரர்

பெருங்குடலின் இரண்டாவது வளைவில் மளிகைக்கடைக்காரர் மாட்டிக்கொண்டார்.

இளஞ்சிவப்புத் துணியும் வளையக் கம்பிகளுமாக ஆய்வு நிலையத்தின் கூடம் முழுக்கச் சுருண்டு கிடந்தது அந்தக் குடல். ஒரு முனையில் நுழைகிறவர் மறுமுனையில் வெளியே வரவேண்டும். யோசனை, மலச்சிக்கலை ஆராயும் டாக்டரம்மாவுடையது. தையல், நாடக அரங்கம் அமைக்கும் அவள் தம்பியுடையது.

தலைமுடி நரைக்கும்வரை ஆராய்ந்து அவள் கண்டது இதுதான்: முக்கினால் வாசல் திறக்காது, இறுகும். இதை ஊருக்குப் புரியவைக்காமல் ஓய்வதில்லை என்று கங்கணம் கட்டியிருந்தாள். நிலைய இயக்குநரோ கறாராகச் சொல்லிவிட்டார். "வெளிய வர்றவங்கள்ல ஒருத்தராவது இதைத் தன் வாயால சொல்லணும். இல்லேன்னா சாயங்காலமே மூட்டை கட்டிடுங்க."

காலையிலிருந்து வெளியே வந்தவர்கள், துணி மீட்டர் என்ன விலை என்றுதான் கேட்டார்கள். இப்போது வெளியே வரவே ஆளில்லை.

"அண்ணே, உடம்பைக் கொஞ்சம் குறுக்குங்க!"

"குறுக்குற உடம்பாம்மா இது?" என்றது துணி.

"பின்னாடி இருக்கிறவங்க லேசாத் தள்ளுங்க!"

தள்ளினார்கள். கடைக்காரர் அசையவில்லை. அந்தப் பக்கம் வெளிவாசல் மட்டும் பாதியாகச் சுருங்கியது.

தம்பி தலையைச் சொறிந்தான். "அக்கா, வளைவைச் சுத்தி ஓடுற நாடாவும் வாசல் நாடாவும் ஒண்ணுதான். இங்க புடைச்சா அங்க இறுகும்."

"இதைத் தைக்கும்போது சொல்ல வாய் வரலையா? போய் அவுத்து விடு!"

"முடிச்சு உள்பக்கம்க்கா."

"அப்ப உள்ள போ!"

போனான். வரிசை நகர்கிறது என்று நினைத்து, வெளியே காத்திருந்தவர்களும் திபுதிபுவென்று அவன் பின்னாலேயே நுழைந்தார்கள். கொஞ்ச நேரத்தில் தம்பியின் குரலும் துணிக்குள்ளிருந்து வந்தது. "அக்கா, நானும் மாட்டிக்கிட்டேன்!"

டாக்டரம்மா ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தாள். தோற்றுப்போவதாக இல்லை.

"எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணாத் தள்ளுங்க! ம்ம்… இன்னும்! விடாதீங்க!"

குடல் புடைத்தது. வாசல் ஒரு எலுமிச்சம்பழம்கூட நுழைய முடியாத அளவுக்கு மூடிக்கொண்டது. சொல்லிவைத்தாற்போல இயக்குநரும் கூடத்துக்குள் வந்து நின்றார்.

"என்னம்மா இது கூத்து?"

"அஞ்சு நிமிஷம் சார்…"

"எவனும் தள்ளக் கூடாது!" என்று உள்ளேயிருந்து ஒரு கர்ஜனை. எதிரே வாசல் மூடுவதைப் பார்த்துவிட்ட கடைக்காரர்தான். "எல்லாரும் மூச்சை விட்டு, சும்மா தளர்ந்து நில்லுங்க!"

நின்றார்கள். புடைப்பு வடிந்தது. நாடா நெகிழ்ந்தது. மூடிய வாசல் மெல்ல விரிந்து, மளிகைக்கடைக்காரரை முழுசாக வெளியே விட்டது.

அவர் வேர்த்து விறுவிறுத்து நேரே டாக்டரம்மாவிடம் வந்தார். பக்கத்தில் இயக்குநர் நிற்பதைக்கூடப் பார்க்காமல் விரலை நீட்டினார்.

"நீங்கல்லாம் என்ன டாக்டரம்மா? முக்க முக்க வாசல் இறுகுது, சும்மா விட்டாத் தானாத் திறக்குது! இதுகூடவா உங்களுக்குத் தெரியாது?"