சர்டுயின் பிடித்த குமாரசிங்கத்தார்

அரை வாசிப்பு ஆராய்ச்சியாளர் என்றோர் இனம் உண்டு. நீங்கள் தேடிப்போக வேண்டாம், அவரே உங்கள் பக்கத்து சீற்றில் வந்து குந்துவார். ஞாயிற்றுப் பேப்பரின் விஞ்ஞானப் பக்கத்தில் முதல் பாதியை வாசித்துவிட்டு, மீதியை அடுத்தவர் உடம்பில் பரீட்சித்துப் பார்க்கும் புண்ணியவான் அவர்.

பதுளையில் ஒரு கந்தோரில் கிளார்க்காக இருக்கும் குமாரசிங்கத்தாரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2006இல் அவருக்குச் சர்டுயின் பிடித்தது. சர்டுயின் என்றால் நம் உடம்புக் கலங்களுக்குள் இருக்கும் புரதமாம். சாப்பாடு குறைந்தால் விழித்தெழுந்து, கொழுப்பை எரித்து, பழுதானதைத் திருத்தி, சீனி வருத்தம் என்கிற நீரிழிவைத் தணித்து, போகிற போக்கில் ஆயுளையும் நீட்டிவிடுமாம். யாருக்கு நீட்டியது? எலிக்கு. அந்தச் சங்கதி மறு பாதியில் இருந்தது.

பசறை பஸ் வளைவுக்கு வளைவு ஆளை ஆள் மேல் தள்ளும்போது, இறங்கி ஓட வழியில்லாத சனத்துக்கு அவருடைய உபதேசம் நடக்கும். அவருடைய சொந்த விரதமோ காலைச் சாப்பாட்டுக்கும் பத்து மணித் தேத்தண்ணிக்கும் இடையில்.

ஒருநாள் மாட்டிக்கொண்டது இராக்கம்மா. தேயிலைக் கொழுந்து பறிப்பவள், சீனி வருத்தக்காரி. கிளினிக்கில் குளிசை வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்புகிறாள்.

"இரவும் காலமையும் சாப்பிடாமல் விட்டுப் பாருங்கோ. சர்டுயின் எழும்பும்."

"மாத்திரையும் விட்றணுங்களா ஐயா?"

"சீச்சீ, அதைப் போடுங்கோ. இரண்டும் சேர்ந்தால் இரட்டைப் பலன்!"

அட பாவி மனுசா! வெறும் வயிற்றில் அந்தக் குளிசையைப் போட்டால் சீனி எந்தப் பாதாளத்துக்கு இறங்கும்? மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, மலையேறி, பாதி நிரையில் கூடையோடு சரிந்து விழுந்தாள் இராக்கம்மா. தோட்டத்து மருந்துக்காரர் ஓடிவந்து குளுக்கோஸ் ஏற்றியிராவிட்டால் ஆள் போயிருப்பாள்.

செய்தி பஸ்ஸிலேயே அவர் காதுக்கு வந்தது. குமாரசிங்கத்தார் ஒரு பிஸ்கட் பக்கெற்றைப் பிடித்துக்கொண்டு, அவளுடைய தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போனார். இராக்கம்மா ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டபடி நிமிர்ந்து பார்த்தாள்.

"பட்டினி கெடந்தா ஆயுசு கூடும்னா, எங்க லயத்துல இதுவரைக்கும் ஒருத்தருமே செத்திருக்கக் கூடாதுங்களே ஐயா?"

மனுசன் பிஸ்கட் பக்கெற்றை வாசலில் வைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் சர்டுயினைப் பற்றி அவர் வாசித்த அளவை இப்போது நீங்களும் வாசித்துவிட்டீர்கள். உள்ளதைச் சொல்லுங்கள், யாருடைய இராச்சாப்பாட்டை நிறுத்தலாம் என்று யோசித்து வைத்திருக்கிறீர்கள்?