பாறையில் பல் இளித்த குதிரை

இலங்கையில் மாத்தளைப் பக்கத்தில் சுண்ணாம்பண்ணனைப் போல ஒரு பிடிவாதக்காரக் கிறுக்கன் பிறந்ததே இல்லை. பிறந்திருந்தால் யாராவது அடித்தே கொன்றிருப்பார்கள்.

எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வெள்ளையடிப்பது அவர் வேலை. கையில் வாளி இருந்தால் எதையும் விட்டுவைக்க மாட்டார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவர், ரோட்டோரக் கல், அசையாமல் படுத்திருந்த பெரிய கங்காணியின் ஆடு, எல்லாம் வெள்ளை.

அந்தத் தோட்டத்துத் துரையின் பந்தயக் குதிரை நுவரெலியாவில் செத்துப்போனது. மலைச்சரிவிலிருந்த பெரிய பாறையில் அதன் உருவத்தைச் சுண்ணாம்பால் வரையச் சொல்லிவிட்டு, துரை சீமைக்குக் கப்பலேறினார். லயத்தில் ஆள் செத்தால் அரைநாள் லீவு கொடுக்காத மனிதர், குதிரைக்கு ஒரு மலையையே கொடுத்தார்.

நுவரெலியாவில் ஓடிய குதிரையை அண்ணன் எங்கே கண்டார்? அவருக்குத் தெரிந்த குதிரை ஒன்றுதான்: இந்தியாவில் அவருடைய ஊர் ஐயனார் கோயில் முன்னால் நிற்கிற குதிரை. இடுப்பில் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டு அதையே வரைந்தார். பிதுங்கிய கண், கழுத்து நிறைய மணி, வாய் நிறையப் பல்.

நான் மாத்தளையில் ஒரு புடவைக்கடையில் கிளாக்கர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் குதிரையைப் பார்க்க மேடேறிப் போனேன். பாறையடியில் திருவிழாக் கூட்டம். தேங்காய் உடைக்கிறார்கள், கற்பூரம் கொளுத்துகிறார்கள். அண்ணன் நடுவில் நின்று எல்லாரையும் அதட்டிக்கொண்டிருந்தார்.

"கிளாக்கையா, செருப்பக் கழட்டுங்க!"

"இது தொரையோட ரேஸ் குதிரை, அண்ணே."

"தொரைக்கு அப்புடி. நமக்கு ஐயனாரு குதிரை. கழட்டுங்கன்னா!"

"பல்லு ஏன் இப்புடி இளிக்குது?"

"ஒங்க மூஞ்சியப் பாத்துத்தான்."

கூட்டம் சிரித்தது. கழற்றித் தொலைத்தேன்.

அந்த நேரம் பார்த்து, முந்தின நாள் கப்பலிறங்கிய துரை, இரண்டு விருந்தாளித் துரைமாரோடு வந்து சேர்ந்தார். நிமிர்ந்து பார்த்தார். விருந்தாளிகளில் ஒருவர் குபீரென்று சிரித்துவிட்டார். அதுதான் வினை.

"சுரண்டு!" என்று துரை கத்தினார். "இப்போ சுரண்டு! இல்லாட்டி பத்துச்சீட்டு!"

பத்துச்சீட்டு வாங்கினால் வேலை போச்சு, குடியிருக்கிற லயத்துக் காம்பரா போச்சு. சீட்டில் துரை எழுதுவதைப் பார்த்துத்தான் அடுத்த தோட்டத்தில் சேர்ப்பார்கள். அண்ணனுக்கோ ஐம்பது தாண்டிவிட்டது.

"சுரண்டித் தொலைங்கண்ணே" என்று அவர் காதில் சொன்னேன்.

அண்ணன் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "லயத்துக்கெல்லாம் மறுபடி வெள்ளையடிக்கிறேனுங்க, தொரை. அந்த ஆட்டையும் வேணும்னா கழுவி விட்டுர்றேனுங்க. கும்புட்ட குதிரைய மட்டும் சுரண்ட மாட்டேனுங்க."

மறுநாள் காலையில் தகரப்பெட்டியும் சீட்டுமாகக் கடை வாசலில் வந்து நின்றார்.

"இங்கிலீசுல என்னமோ எழுதிருக்காரு. படிச்சுச் சொல்லுங்க."

படித்தேன். 'சொல் கேளாதவன். பைத்தியக்காரன். எந்தத் தோட்டத்திலும் சேர்க்கக் கூடாது.'

நான் யார் முகத்துக்காகவும் பொய் சொல்கிறவன் இல்லை. முதலாளி மகள் பாட்டைக் கழுதைக் குரல் என்று முதலாளியிடமே சொன்னவன்.

"'குதிரை வரையுறதுல கெட்டிக்காரன்'னு எழுதிருக்குண்ணே."

"பாத்தீங்களா! தொரை நல்ல மனுசன்தாங்க."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சீட்டை மடித்து என் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு, கடைச் சுவரெல்லாம் அழுக்கு என்று முதலாளியிடம் சண்டை போட உள்ளே போனேன்.