தொண்ணூத்தேழு டிகிரிப் பந்தயம்

கடைசி ரவுண்டு. கடைசி வளைவு. லிஃப்ட் மெக்கானிக்கோட சிவப்புக் கார் முன்னாடி. பக்கத்து வீட்டுப் பல் டாக்டரோட நீலக் கார் பின்னாடி. இன்னும் மூணே செகண்ட்!

பொட்டுனு ஸ்கிரீன் இருண்டுபோச்சு.

கம்ப்யூட்டர் மூச்சை நிறுத்திருச்சு. சுவத்துக்கு அந்தப் பக்கம் டாக்டர் சிரிக்கிற சத்தம் மட்டும் ஜோரா கேட்டுச்சு.

"ஐயையோ! ஜெயிச்சிருப்பேன்மா! ஜெயிக்கிறதுக்குள்ள செத்துப்போச்சு!" மெக்கானிக் மனைவிகிட்ட அலறினார்.

ஊர்ல எந்த லிஃப்ட் அந்தரத்துல நின்னாலும் இவருக்குத்தான் போன் வரும். ராஜா மாதிரி போவார். ஆனா வீட்டுல பன்னெண்டு நிமிஷத்துக்கு ஒருதடவை நிக்கிற கம்ப்யூட்டரை மூணு மாசமா தொட்டதே இல்ல. மனைவி அதுலதான் தையல் பாட வீடியோ தயார் பண்றாங்க. பாதி வீடியோவுல அணைஞ்சிரும். கேட்டா, "இந்த ஞாயித்துக்கிழமை பார்த்துடலாம்மா"ன்னு சொல்வார். ஞாயித்துக்கிழமை வரும். இவர்தான் வரமாட்டார்.

"வைரஸ்மா இது! கண்டிப்பா வைரஸ்!"

"வைரஸுக்கு இப்படியாங்க காய்ச்சல் அடிக்கும்? பெட்டியைத் தொட்டுப் பாருங்க. இது மேலேயே துணியைத் தேய்ச்சுடலாம்."

தொட்டார். கையை உதறினார். "சரி சரி, ஞாயித்துக்கிழமை..."

மறுநாள் சனிக்கிழமை காலைல, பல் டாக்டர் பால்கனியில பிரஷ்ஷும் கையுமா நின்னார்.

"சார்! நாளைக்குப் பத்து மணி. மறுபடியும் ஓட்டுவோம். இந்தத் தடவை உங்க வண்டி பாதியில படுத்துச்சுன்னா தோத்ததா அர்த்தம். ஒரு மாசம் தெருவுல எல்லார் முன்னாடியும் என்னை 'சாம்பியன்'னு கூப்பிடணும்!"

இவருக்கு ரத்தம் கொதிச்சுது. கம்ப்யூட்டரை விட அதிகமா.

"ஏம்மா! அந்த டேபிள் ஃபேனை எடு!"

பெட்டிக்கு நேரா ஃபேனை வெச்சு ஃபுல் ஸ்பீடுல தட்டினார். பெட்டி அசரலை. மனைவி வெட்டி வெச்சிருந்த நாலு ஜாக்கெட்டோட துண்டுதான் கிளம்புச்சு. கை ஒண்ணு அலமாரி மேல. கழுத்து ஒண்ணு ஜன்னல் வழியா தெருவுக்கு.

"உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அதை அணைங்க! வெளிய இருந்து ஊதினா உள்ள இருக்கிறது போகுமா?"

"எனக்கே சொல்லித் தரியா? நான் யாரு தெரியுமா?"

யாருன்னு காட்டினார். 'பழுது. படியைப் பயன்படுத்தவும்'னு லிஃப்டுல மாட்டுற போர்டைக் கொண்டுவந்து மானிட்டர்ல தொங்கவிட்டார். பிளக்கைப் பிடுங்கினார். பெட்டியைச் சுவத்து இடுக்குலேருந்து இழுத்து, பக்கத்து மூடியைக் கழட்டினார்.

அடேங்கப்பா! உள்ள ஒரு தலையணைக்குத் தேவையான பஞ்சு! சூட்டைத் தணிக்கிற குட்டி ஃபேன் தண்டைச் சுத்தி சிவப்பு, பச்சை, மஞ்சள்னு நூல் கட்டுக்கட்டா!

"ஃபேன் சுத்தலம்மா! நூல்கண்டு சுத்தியிருக்கு!"

அவ்ளோதான், ஆள் மாறிட்டார். சாப்பாடு இல்ல, தண்ணி இல்ல. இறக்கையை விரலால பிடிச்சுக்கிட்டு பிரஷ்ஷால தூசியை வழிச்சார். நூலை ஒண்ணு ஒண்ணா கத்தரிச்சார். சூட்டைக் கடத்துற பசை காஞ்சு சுண்ணாம்பாட்டம் இருந்துச்சு. அதைத் துடைச்சு, கடைக்கு ஓடிப்போய்ப் புதுசு வாங்கிட்டு வந்து கடலை அளவு வெச்சார். மூடினார். சுவிட்சைத் தட்டினார்.

பன்னெண்டு நிமிஷம். நிக்கலை! ஒரு மணி நேரம். நிக்கலை! தொண்ணூத்தேழு டிகிரில கொதிச்சது அம்பத்திநாலுல நின்னுச்சு. மனுஷன் குதிச்ச குதியில கீழ்வீட்டுக்காரங்க குச்சியால கூரையைத் தட்டினாங்க.

"நிஜமாவே நிக்காதாங்க?"

"நாள் முழுக்க ஓட்டிக்கோ! நான் கேரண்டி!"

ஞாயித்துக்கிழமை. குளிச்சு, தலை சீவி, விரலுக்குச் சொடக்கு எடுத்துக்கிட்டு, பத்துக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது ரூமுக்குள்ள வந்தார். நாற்காலியில மனைவி. திரையில ஒரு பச்சைக்கோடு எறும்பு மாதிரி ஊர்ந்துக்கிட்டு இருக்கு.

"எந்திரிம்மா! பத்து மணி ஆகப்போகுது!"

"வீடியோ தயாராகுது, இப்ப நிறுத்தினா மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும்ங்க. நாப்பது பாடம். சாயங்காலம் ஆறு ஆயிரும்."

"என் மானமே போயிரும்மா! டாக்டர் காத்திருப்பார்!"

"பந்தயத்துக்கு ஒண்ணும் காத்திருக்க மாட்டார். நேத்து அவரைப் பந்தயம்னு சொல்லச் சொன்னதே நான்தான்."

இவருக்கு வாய் திறந்தது திறந்தபடி. டாக்டர் இருந்திருந்தா பல்லை எண்ணியிருப்பார்.

"நீயா?"

"மூணு மாசமா நான் சொல்லி நடக்கலை. அவர் ஒரு வார்த்தை சொன்னார், ஒரே நாள்ல நடந்துச்சு. இனிமே எல்லாத்தையும் அவர் மூலமாவே சொல்லலாம்னு இருக்கேன்."

"சரி, அந்தாளு சும்மாவா இதுக்கு ஒத்துக்கிட்டான்?"

"சும்மா யாருங்க செய்வா? அவங்க வீட்டு கம்ப்யூட்டரும் இப்ப சுட ஆரம்பிச்சிருச்சாம். பத்து மணிக்கு நீங்க வந்து தூசி தட்டிக் குடுப்பீங்கன்னு வாக்குக் குடுத்திருக்கேன். மணி ஆச்சு, கிளம்புங்க."

கிளம்பிட்டார், பிரஷ்ஷும் கையுமா.

ஆமா, நீங்க சொல்லுங்க. உங்க வீட்டுல கடைசியா நீங்களா ரிப்பேர் பண்ணினதா நினைச்சுக்கிட்டு இருக்கீங்களே, அது நிஜமாவே நீங்களா பண்ணினதுதானா?