துபாஷி சொன்ன லண்டன்

அந்தக் காலத்து உத்தமபாளையத்தில் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். இங்கிலீஷுக்கே புத்தி சொல்லித் திருத்தியவர் துபாஷி ஒருவர்தான். வெள்ளைக்காரன் ஒன்று எழுதுவான். இவர் வாயிலிருந்து வேறொன்று வரும். வந்தது நிச்சயம் எழுதியதைவிட நன்றாக இருக்கும்.

நம்மூர் மலைகளில் தோட்டம் போடக் கடன் கொடுத்த ஒரு லண்டன் கம்பெனிக்கு உத்தமபாளையத்தில் கிளை ஆபீஸ் இருந்தது. நான் அதில் டைப் அடித்தேன். லண்டன் கடிதங்களைக் குடியானவர்களுக்குத் தமிழில் சொல்வது துபாஷியின் வேலை. அவருடைய சொந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வேட்டிமேல் கறுப்புக் கோட்டு, கக்கத்தில் செங்கல் கனத்துக்கு ஓர் அகராதி. அதை அவர் திறந்ததே கிடையாது. "அது சொல்றதையே நானும் சொல்றதுக்கு, நான் எதுக்குங்கிறேன்?" என்பார். நாற்காலி உயரம் போதவில்லை என்று அகராதியைப் போட்டு அதன்மேல் உட்காருவார்.

அவர் எழுத்துக்கு எழுத்து மொழிபெயர்த்தது ஒரே ஒரு வரிதான். கடிதத்தின் அடியில் வழக்கமாக இருக்கும் 'தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்' என்ற வரி. கேட்ட குடியானவர் அசந்துபோனார்.

"லண்டன் தொரை எனக்கு வேலையாளா? அப்ப நடவுக்கு ரெண்டு நாள் வந்துட்டுப் போகச் சொல்லுங்க!"

"எழுதிருவோம்" என்றார் துபாஷி. அடுத்த தபாலிலேயே எழுதினார். டைப் அடித்தது நான்தான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த எட்டுக் குடும்பங்கள் வந்தன. மலையடிவாரத்தில் அவர்களுக்குப் பொதுவாக ஒரு சரிவு இருந்தது. பெரிய பெரிய மரங்கள், நிழலில் ஏலச்செடி, வேர்களுக்கு நடுவே கசியும் ஓர் ஊற்று. அதுதான் வாய்க்காலாக இறங்கி எட்டுப் பேர் வயலுக்கும் பாயும். பக்கத்துச் சரிவுக்காரர் எங்கள் கம்பெனியில் கடன் வாங்கி, மலையை மொட்டையடித்துத் தேயிலை போட்டிருந்தார். அடுத்த மழையில் அந்த மண் அப்படியே இறங்கி இவர்கள் வாய்க்காலை மூடிவிட்டது. மண்ணை அள்ள இவர்கள் யாரிடம் கடன் கேட்டு வந்தார்கள் என்கிறீர்கள்? அதே கம்பெனியிடம்தான்!

லண்டனின் சட்டம் சுலபமானது. காடு நிற்கிற நிலம் வீண் நிலம். வெட்டித் தேயிலை போட்டால்தான் கடன். ஐந்து குடும்பங்கள் வெட்டிவிடலாம் என்றன. மூன்று கூடவே கூடாது என்றன. அந்த மூன்றுக்கும் வாய் வெள்ளையம்மா. தனியாளாக நெல் போட்டு, தனியாளாக ஊரோடு சண்டை போடுகிறவர்.

சித்திரை உச்சிவெயிலில் கம்பெனியின் இன்ஸ்பெக்டர் துரை இடத்தைப் பார்க்க வந்தார். துபாஷியும் நானும் கூடப் போனோம். "இவ்வளவையும் வெட்ட எத்தனை நாளாகும், கேள்" என்றார் துரை. துபாஷி கேட்பதற்குள் வெள்ளையம்மா முந்திக்கொண்டார்.

"ஏய்யா துபாஷி, அந்தத் தொப்பியக் கழட்டிட்டு இந்தாளை இங்கன வெயில்ல செத்த நேரம் நிக்கச் சொல்லு. மலைக்கு மரம் எதுக்குன்னு மண்டைக்கு வெளங்கும்!"

துபாஷி துரை பக்கம் திரும்பிக் குனிந்து, சுத்தமான இங்கிலீஷில் சொன்னார்: "தங்கள் தொப்பியின் அழகில் அம்மாள் சொக்கிப்போயிருக்கிறார். ஒரு நிமிஷம் கையில் வாங்கிப் பார்க்கலாமா என்று கேட்கிறார்."

துரை குழைந்துபோய்க் கழற்றிக் கொடுத்தார். வெள்ளையம்மா வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். திருப்பித் தருகிற எண்ணமே இல்லை. துரையின் வழுக்கை செம்பருத்தி நிறத்துக்கு வந்துவிட்டது. மெல்ல மெல்ல நகர்ந்து மரத்தடிக்குப் போனவர், ஊற்றில் அள்ளிக் குடித்துவிட்டு ஏதோ முனகினார்.

"என்ன சொல்றாக?" என்றார் வெள்ளையம்மா.

"நெழலு நல்லாருக்காம். தண்ணி ஜில்லுனு இருக்காம்."

"அதைத்தானய்யா நானும் சொன்னேன்!"

ஜெயித்துவிட்டோம் என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஆடியில் லண்டனிலிருந்து கடிதம் வந்தது. இடம் ரம்மியம் என்று இன்ஸ்பெக்டர் எழுதியதில் மகிழ்ச்சி. மரங்களை வெட்டினால் கேட்டதைப்போல இரண்டு மடங்கு தருகிறோம்.

எட்டுக் குடும்பமும் ஆபீசில் கூடி நின்றது. துபாஷி கடிதத்தைத் தமக்குள் படித்தார். உள்ளதைச் சொன்னால் ஐந்து குடும்பமும் அப்போதே கோடாலியோடு மலையேறும்.

"லண்டன்ல..." என்று செருமினார். "லண்டன்ல காசில்லையாம்."

"என்னது?"

"சுத்தமா இல்லையாம். கம்பெனிக்காரக நொடிச்சுப் போயிட்டாக. ஒங்ககிட்டச் சொல்லவே கூச்சமா இருக்குன்னு எழுதியிருக்காக."

யாரோ உச்சுக் கொட்டினார்கள். வெட்டியே தீரவேண்டும் என்று நின்ற பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பிள்ளகுட்டிக்காரகளா இருப்பாக. கஞ்சிக்கு என்ன செய்றாகளோ! ரெண்டு மூட அரிசி அனுப்புவமா?"

"கப்பல்ல போய்ச் சேர்றதுக்குள்ள வண்டு விழுந்துரும்" என்று துபாஷி மிகுந்த வருத்தத்தோடு மறுத்துவிட்டார்.

கடிதத்தை நானும் படித்திருந்தேன். சிரிப்பை அடக்க, வெறும் டைப்ரைட்டரைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

கடன் இல்லையென்று ஆனதும் எட்டுக் குடும்பமும் மண்வெட்டியை எடுத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் துபாஷியும் போய், கோட்டைக் கழற்றாமல் மண் சுமந்தார். புரட்டாசி பிறப்பதற்குள் தண்ணீர் வயலுக்கு வந்துவிட்டது. கூடவே லண்டனிலிருந்து இன்னொரு கடிதமும்: இரண்டு மடங்கு தருவதாகச் சொல்லியும் ஏன் பதில் இல்லை?

மானேஜர் துபாஷியைக் கூப்பிட்டார். "அவங்ககிட்ட என்னய்யா சொன்னீர்?"

"சாராம்சம் சொன்னேன் சார். ஊத்துத் தண்ணிய அழிச்சு வாங்குற காசும், காசில்லாததும் வெள்ளாமைக்காரனுக்கு ஒண்ணுதானே? சுருக்கிச் சொல்லிட்டேன்."

அன்றே வேலை போயிற்று. வெளியே வந்தவர் என்னிடம், "எனக்கு ஓய்வு குடுத்துக் கௌரவிச்சிருக்காக" என்று அதையும் மொழிபெயர்த்தார்.

விஷயம் வெளியே தெரிந்ததும் ஐந்து குடும்பங்கள் ஒரு வாரம் கறுவிக்கொண்டிருந்தன. வயலில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்ததால் கோடாலியை யாரும் எடுக்கவில்லை. வெள்ளையம்மா மட்டும் அறுவடையானதும் புது அரிசியோடு துபாஷி வீட்டுக்கு வந்தார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்யா. காசில்லாத கம்பெனி இம்புட்டுக் கெட்டிக் காயிதத்துலயா எழுதும்?"

துபாஷியின் இடத்தில் என்னை உட்காரவைத்தார்கள். கம்பெனி அந்தக் கிளையையே மூடும்வரை ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தேன். ஒரு குடியானவர்கூட என் எதிரில் சிரித்ததில்லை. சாயங்காலம் ஆபீசைப் பூட்டியதும் நேரே துபாஷி வீட்டுக்குத்தான் போவேன். அவர் எதையாவது சொல்லிக்கொண்டிருப்பார். அதில் எது நிஜம் என்று நான் கேட்டதே இல்லை.